பெயரில்லாத இருக்கைகள்

"ஐயோ பாவம்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவருக்கு அதில் காலணா செலவில்லை. சொல்லிவிட்டு மனம் குளிர்ந்து அவர் பாட்டுக்குப் போய்விடுவார். கேட்டவன்தான் மேலே பட்ட எச்சிலைத் துடைப்பதுபோல் அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சின்ன வயதில் அம்மை போட்டு எனக்குக் கண் போனது. அன்றிலிருந்து கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தை வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் நாக்கு அண்ணத்தில் ஒட்டி "ச்சு" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் "ச்சு" இருக்கிறதே, அதுதான் எனக்குக் குமட்டும்.

பேராவூரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. பார்வையில்லாதவர்களுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, வெளியே இரண்டு ஸ்டூல். சவுதிக்கும் துபாய்க்கும் போயிருந்த ஆண்களின் வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்து குவிவார்கள். அங்கே அன்றைக்குத்தான் லீவு. என் முன்னால் அழுவதற்கு அவர்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை. பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது, கூண்டுக்குள் சிலந்தி வலை கட்டியது. கூண்டைக் கழற்றி விற்றேன். சென்னையில் ஒரு விடுதியில் தங்கிப் பேசுகிற கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தேன். திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் வாசித்துச் சொல்லும், நான் கீபோர்டில் வேலை செய்வேன். மவுஸ் எனக்கு எதற்கும் உதவாது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட் பதிவு செய்யப்படும் என்று போர்டு எழுதி மாட்டினேன்.

ஊரே வெளியே போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆற்றில் தண்ணீர் வருகிற தேதி யார் கையிலும் இல்லை. முன்பு நாற்றுப் பறித்த வீடுகளின் பிள்ளைகள் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு சென்னைக் கம்பெனிகளில் உட்கார்ந்திருந்தார்கள். படிக்காதவர்கள் திருப்பூருக்குப் போனார்கள். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஆண்கள் விமானம் ஏறச் சென்னைக்குப் போவதும் வழியனுப்பப் பெண்கள் போவதுமாக இருந்தார்கள். எல்லோருக்கும் ராத்திரி பஸ்ஸில் ஒரு சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

சீட்டுப் போடுவதில் எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. பெண் பக்கத்தில் பெண்தான். அதிலும் கைக்குழந்தைக்காரி என்றால் ஜன்னல் ஓரம், வாந்தி எடுக்கிறவர் என்றால் முன்பக்கம், வயசுப் பிள்ளை என்றால் கடைசி வரிசையே ஆகாது. இதையெல்லாம் கேட்டு, யோசித்து, பார்த்துப் போடுகிறவன் என்று எனக்குப் பெயர். எங்கள் ஊர் வழியாகச் சென்னைக்கு பஸ் விட்ட பட்டுக்கோட்டைப் பெரிய கம்பெனியின் பழைய இணையப் பக்கம் அழகில்லாத பக்கம் என்று சொல்வார்கள். எனக்கென்ன? டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் நம்பர், ஜன்னல், காலி என்று சொல்லும். ஆறாம் நம்பர், பெண், பதிவாகிவிட்டது என்று சொல்லும். அந்த ஆறாம் நம்பர் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் நிம்மதியாக டீ குடிப்பேன்.

ஒரு நாள் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். "கிராபிக்" என்றது. டேப் தட்டினேன். எதற்கும் நகரவில்லை. அம்புக்குறியால் இறங்கினேன். கிராபிக், கிராபிக், கிராபிக். பஸ் நிறைய கிராபிக்தான் உட்கார்ந்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்தையே மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு இருக்கையும் ஒரு சின்னப் படம். படத்துக்குப் பின்னால், பார்க்கிறவர் கண்ணுக்குப் படாமல் ஒரு பெயர் எழுதி வைக்கலாம். அதைத்தான் என் மென்பொருள் வாசிக்கும். ஒரு இருக்கைக்கும் அவர்கள் பெயர் எழுதவில்லை. மவுஸால் தொட்டால்தான் வேலை செய்யும் என்றும் ஆக்கிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் அரை நாள் வேலை. அந்த அரை நாளைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று ஓர் அம்மா வந்திருந்தார். மகளுக்குச் சென்னையில் முதல் வேலை, கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும், இரண்டு சீட்டு. நான் பக்கத்துக் கடைத் தேங்காய் வியாபாரியைக் கூப்பிட்டு மவுஸைக் கொடுத்தேன். அவர் லோடு கணக்கில் கெட்டிக்காரர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ரோஸ் கலர் என்றால் பெண்களுக்கு என்று எண்ணி ரோஸ் கலராகத் தேடித் தேடி அழுத்தினார். அவை ஏற்கெனவே பெண்கள் பதிவு செய்துவிட்ட இடங்கள். எதுவும் ஏற்கவில்லை என்றதும் கடைசியில் எது மாட்டியதோ அதைப் போட்டுவிட்டார். ஒரு சீட்டு முன்னால் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில், இன்னொன்று கடைசி வரிசையில் இரண்டு ஆண்களுக்கு நடுவில். மகளை முன்னால் உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மா டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து சென்னை வரை போயிருக்கிறார். அந்தச் சூட்டில்.

திரும்பி வந்ததும் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"உங்க மேல தப்பில்ல தம்பி. பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்த அம்மா இனி என் கடைக்கு வரமாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தப்புச் செய்த ஏஜென்ட்டிடம் சண்டை போட்டுவிட்டு மறுபடியும் போவார்கள். பாவப்பட்ட ஏஜென்ட்டிடம் யாரும் போகமாட்டார்கள், சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என் கடைக்குள் அந்தச் சொல் நுழைந்துவிட்டால் கடை முடிந்தது, நானும் முடிந்தேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். "அப்டேட் பண்ணியிருக்கோம் சார், நல்லா இருக்குல்ல?" என்றாள் எடுத்த பெண். நேரில் போவது என்று பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

நான் போன நாள் அமாவாசை. அமாவாசைக்கும் பஸ் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எப்படிக் கண்டேன்? ஒவ்வொரு அமாவாசைக்கும் முதலாளி தன் அப்பாவின் நினைவாக அலுவலகத்துக்குப் பின்னால் கொட்டகையில் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவாராம். கேட்டில் என் வெள்ளைக் கோலைப் பார்த்ததுமே வாட்ச்மேன் முடிவுகட்டிவிட்டான். கோலின் நுனியைப் பிடித்து ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனான்.

"நான் டிக்கெட் ஏஜென்ட்டுங்க. மேனேஜரப் பாக்கணும்."

"எல்லாரையும் பாக்கலாம். மொதல்ல உக்காருங்க, எல போட்டாச்சு."

தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டான். சோறு விழுந்த சத்தம் கேட்டது, சாம்பார் வாசனை வந்தது. பக்கத்து இலைப் பெரியவர் என்னை விசாரித்தார். "புதுசா? பாயசம் ரெண்டாவது வாட்டியும் கேளுங்க, ஊத்துவாங்க." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சாப்பிட வந்தவர், சாப்பிட்டார். நான் வியாபாரம் பேச வந்தவன். பசி வேறு. சாப்பிட்டேன். பாயசம் பிரமாதமாக இருந்தது, அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

முதலாளி வரிசையாக ஒவ்வோர் இலை முன்னும் நின்று விசாரித்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றதும் நான் இலையில் கை வைத்தபடியே விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பக்கத்தில் இருக்கைக்குப் பெயர் இல்லை, என்னால் டிக்கெட் போட முடியவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதினால் போதும், அரை நாள் வேலை என்றேன். அவர் கேட்டது என்னவோ ஒரு குருடனின் குறையை. "ச்சு" என்றார்.

"கம்ப்யூட்டர்லாம் வச்சுக்கிட்டு நீங்க எதுக்குத் தம்பி கஷ்டப்படுறீங்க? நம்ம பஸ்ல எப்ப வேணாலும் ஏறுங்க. ஆயுசுக்கும் காசே வேணாம். டேய், தம்பிக்கு ஒரு பாஸ் போட்டுக் குடுங்கடா."

நான் டிக்கெட் கேட்கவில்லை, டிக்கெட் விற்கிறேன் என்றேன். அதற்குள் அட்டை வந்துவிட்டது. என் கையில் திணித்து, அவர் கையையும் அதன் மேல் வைத்து, "இப்படித் திரும்புங்க" என்றார். எந்தப் பக்கம் எதற்குத் திரும்புகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. சோற்றுக் கையோடு திரும்பினேன்.

அவருடைய மகன் அங்கேதான் நின்றிருந்தான். படித்த பையன், நல்ல மரியாதை. அந்த மரியாதைதான் பிடி கொடுக்காமல் வழுக்கியது.

"சார், டிசைன் சென்னைல பெரிய கம்பெனி பண்ணுனது. மாத்தணும்னா எல்லாத்தையும் மாத்தணும். உங்கள மாதிரி எத்தன பேரு சார் வரப்போறாங்க? ஒருத்தர், ரெண்டு பேரு?"

"ஒருத்தன்தாங்க. ஆனா பொங்கலுக்கு உங்க பேராவூரணி பஸ்ஸுல பாதி சீட்டு அந்த ஒருத்தன் போட்டது" என்றேன்.

சிரித்தான். நான் ஜோக் அடித்ததாக நினைத்துக்கொண்டான். கண்ணில்லாதவன் என்றால் ஒரு சீட்டில் உட்கார்ந்து வருகிறவன், அதுவும் பாதிக் கட்டணத்தில். அவன் கணக்கு அவ்வளவுதான். இந்தக் கண்ணில்லாதவன் பின்னால் ஒரு ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பது இன்ஜினீயரிங் படித்தவன் மூளைக்கு எட்டவில்லை. தர்மம் செய்வதற்கு அங்கே சமையல்காரர், பந்தி விசாரிக்க ஆள், படம் பிடிக்க ஆள் என்று எல்லோரும் இருந்தார்கள். வியாபாரம் பேச வந்தவனுக்கு ஒரு நாற்காலி இல்லை. அந்த அட்டையை இலையில் மிச்சமிருந்த சோற்றின் மேல் வைத்து, இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாண்ட் குழாயில் கையை எத்தனை முறை கழுவியும் திருப்தி வரவில்லை.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். சில நாள் கழித்துத் தேங்காய் வியாபாரி ஒரு பேப்பரோடு வந்தார். "உங்க போட்டோ வந்துருக்கு" என்று சந்தோஷமாக வாசித்தார். மாற்றுத்திறனாளிக்கு வாழ்நாள் இலவசப் பயணம், பஸ் அதிபரின் பெரிய மனது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "வாயோரத்துல பருக்கை ஒட்டியிருக்கு" என்றார். அதே படத்தைக் கம்பெனியின் இணையப் பக்கத்திலும் முகப்பிலேயே போட்டிருந்தார்கள். என்னால் ஒரு டிக்கெட் போட முடியாத பக்கத்தில், அவர்கள் கருணைக்கு விளம்பரமாக நான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கடைக்கு வந்தவர்கள் பேச்சும் மாறியது. "உங்களுக்கென்ன, முதலாளியே பாத்துக்கிறாரு" என்றார்கள். ஒருவர் மீதிச் சில்லறையை வாங்காமல், "வச்சுக்கங்க, டீ சாப்பிடுங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எழுந்து, செருப்புச் சத்தத்தை வைத்துப் பின்னால் ஓடி அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு வந்தேன். ரோட்டைக் கடந்து ஓடியதில் ஒரு சைக்கிள்காரன் என்னைத் திட்டினான். அந்தத் திட்டு இதமாக இருந்தது.

கூட்டம் குறைந்துகொண்டே வந்தபோதுதான் கடற்கரைப் பக்கத்து பாய் ஒருவர் பஸ் விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். சவுதியில் பல வருஷம் கடையில் நின்று சம்பாதித்ததைப் போட்டு இரண்டே பஸ் வாங்கியிருந்தார். அவர்கள் பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் கிராபிக்தான். போன் போட்டேன். பாயின் மகள் எடுத்தாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், "ச்சு"வுக்குக் காத்திருந்தேன்.

"நீங்க வருஷத்துக்கு எவ்வளவு டிக்கெட் போடுவீங்கண்ணே?" என்று கேட்டாள்.

சொன்னேன். கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்க கம்ப்யூட்டர் பேசுறத ஸ்பீக்கர்ல போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போட்டேன். கிராபிக், கிராபிக் என்று அது புலம்ப, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க பஸ்ஸுல மனுசங்க ஏறவே முடியாது போலயே! ஒவ்வொண்ணுக்கும் பேரு வைக்கணும், கீபோர்டுல போகணும், அவ்வளவுதானே? வாப்பாகிட்ட சொல்லிட்டு, பக்கத்தச் செஞ்சு கொடுத்த பையனப் புடிக்கிறேன்."

மறுநாளே கூப்பிட்டாள், பெயர்களைப் படத்துக்குப் பின்னால் ஒளிக்காமல் எல்லோர் கண்ணிலும் படும்படியே எழுத வைத்திருந்தாள். தப்பு இருந்தது, சொன்னேன், திருத்தினாள். திரும்பவும் சொன்னேன், சலிக்காமல் திருத்தினாள். அதற்கடுத்த வாரம் என் வாடிக்கையாளர்களை அந்த பஸ்ஸில் ஏற்ற ஆரம்பித்தேன். இன்ஜின் மேல் உட்கார்ந்து போன அம்மாவின் வீட்டுக்கே போய், மகளைப் பார்க்கப் போக இரண்டாம் வரிசையில் ஜன்னல் ஓரம், பக்கத்தில் ஒரு டீச்சர் என்று சொல்லி டிக்கெட்டைக் கொடுத்தேன். "எவ்வளவு தம்பி?" என்றார். காசை வாங்கிக்கொண்டேன்.

பிறகு நடந்தது நானும் எதிர்பார்க்காதது, பாயின் மகளும் எதிர்பார்க்காதது. வளைகுடாவில் தொழிலாளர் விடுதிகளில் இன்டர்நெட் ஆமை வேகம். படம் இறங்காது. படம் இறங்காவிட்டாலும் இருக்கையின் பெயர் எழுத்தாக வந்துவிடுகிறது, அங்கிருந்தே பொண்டாட்டிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று ஒருவர் போன் செய்தார். கண்புரை வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார், எழுத்தைப் பெரிதாக்கினாலும் இந்தப் பக்கம் கலைவதில்லை என்று நாலு பேரிடம் சொன்னார். தேங்காய் வியாபாரி உச்சி வெயிலில் தோப்பில் நின்றபடி போனில் பார்த்து, கலர் தெரியாவிட்டாலும் "பெண்" என்று எழுதியிருப்பது தெரிகிறதே என்றார். எனக்காகப் போட்ட வழியில் ஊரே நடந்தது. பாய் மூன்றாவது பஸ் வாங்கினார்.

இதில் எனக்கு நஷ்டமும் உண்டு. அவரவர் தாங்களே போட்டுக்கொள்ள ஆரம்பித்ததால் என் கமிஷன் தேய்ந்தது. முதலில் வயிறு எரிந்தது, மறைப்பானேன்? அதைப் பாயின் மகள்தான் முதலில் பேசினாள். "இனிமே பக்கத்துல எத மாத்துனாலும் மொதல்ல நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே. அது தனி வேல, அதுக்குத் தனிக் கூலி." ஒரு நகைக்கடையும் ஓர் உரக்கடையும் தங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டன. இணையப் பக்கம் பார்த்துச் சொல்லப்படும் என்று போர்டை மாற்றி எழுதினேன்.

பெரிய கம்பெனியின் பேராவூரணி பஸ் காலிச் சீட்டோடு ஓடுகிறது என்று அதன் டிரைவரே டீக்கடையில் அலுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் ஒரு கார் என் கடை வாசலில் நின்றது. முதலாளியும் மகனும். பழத்தட்டோடு வந்திருந்தார்கள், ஆப்பிள் வாசனை அடித்தது. உட்காரச் சொன்னேன். என்னிடம் நாற்காலி இருந்தது.

"தம்பி, நல்ல காரியம் பண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் முதலாளி. "நம்ம பக்கத்தையும் கொஞ்சம் பாத்துக் குடுத்துடுங்க. பார்வை இல்லாதவங்களுக்கெல்லாம் ஒத்தாசையா இருக்கும். உங்களுக்கும் புண்ணியம்."

"பாத்துடலாங்க. என் போட்டோவ மொதல்ல எடுக்கணும்" என்றேன். பிறகு என் கூலியைச் சொன்னேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. "இவ்வளவா?" என்றார். அந்தப் பாய்க்கும் இதே ரேட்டா என்று மகன் கேட்டான். பாய் முதலில் வந்தவர், அவர் ரேட்டு வேறு என்றேன். கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்றார் முதலாளி. நம்ம ஊர் ஆள் நீங்கள் என்றார். அரை நாள் வேலைதானே, நீங்களே சொன்னீர்களே என்றார். அதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார். ஆயுசுக்கும் பஸ்ஸில் ஓசியில் போ என்று யோசிக்காமல் தூக்கிக் கொடுத்த மனிதர், கூலி என்றதும் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். பார்க்க அசிங்கமாக இருந்திருக்கும், கேட்கவும் அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் குரலில் இருந்த அந்தத் தேன் வற்றிவிட்டது. டயர் கடைக்காரனிடம் பேசுவதுபோல் பேசினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேஜையைத் தட்டி, சத்தமாகவே பேசினார்.

நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பாதியை முன்பணமாக வைத்தால்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன் என்றேன். முனகிக்கொண்டே வைத்தார். பில் கேட்டார், கொடுத்தேன். எழுந்து போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கறாரான ஆளுடா. இவன்கிட்ட பாத்துத்தான் பேசணும்."

என்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.